பக்க எண் பார்க்காத அக்கா

அந்தக் கடைக்குப் படிக்கிற கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது. கண் பரிசோதனை சட்டென்று முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் இருக்கிறது கூத்து. புதுக் கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் கம்பி உறுத்துகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற அக்கா ஒரு புத்தகத்தை விரித்துக் கையில் கொடுப்பாள். மற்ற கடைகளில் இதற்கென்று ஓர் அட்டை வைத்திருப்பார்கள். பெரிய எழுத்தில் ஆரம்பித்துப் பொடி எழுத்தில் முடியும். அதைப் படித்தால் கண் தெரிகிறதோ இல்லையோ, கொட்டாவி நிச்சயம். இந்தக் கடையிலும் அந்த அட்டை உண்டு. மேஜை ஆடாமல் இருக்க, அக்கா அதை மடித்துக் காலுக்கடியில் வைத்திருக்கிறாள்.

"சத்தமா படிங்க சார்."

"'கப்பலில் இருந்த எல்லோரும் உறக்கத்தில் இருந்தார்கள். ஆனால் சமையலறையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.'"

"எழுத்து தெளிவா தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. யாரும்மா அது பாத்திரம் கழுவுறது?"

"அதெல்லாம் சொல்லமாட்டேன். மூக்குல அழுத்துதா, அதைச் சொல்லுங்க."

மூக்கில் ஒன்றும் அழுத்தாது. ஆனாலும் அந்த மனிதர் மறுநாள் வந்து, இடது காது வலிக்கிறது என்பார். அக்கா கம்பியை வளைப்பதுபோல் பாவனை செய்துவிட்டு அடுத்த பக்கத்தை விரித்துக் கொடுப்பாள். முதலாளி முதலில் முணுமுணுத்தார். பிறகு, காது வலிக்காரர்கள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து இன்னொரு காது வலிக்காரரைக் கூட்டிவருவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அக்கா என்றால் யாருக்கு அக்கா என்று கேட்காதீர்கள். அந்தத் தெருவுக்கே அக்கா. முதலாளிக்கு அவளைவிட வயது அதிகம், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். உலகத்தில் மற்றவர்கள் 'பூதக்கண்ணாடி அக்கா' என்பார்கள், ஏனென்றால் அவளுடைய நிகழ்ச்சியின் பெயர் அதுதான். வாரம் ஒருமுறை, புதிதாக வந்த விஞ்ஞானக் கதை, மாயாஜாலக் கதை, புத்தகமானாலும் சரி, தொடரானாலும் சரி, படித்தோ பார்த்தோ முடித்துவிட்டு மனதில் பட்டதைப் பேசுவாள். அவளுடைய மகள் அதைப் போனில் பதிவுசெய்து வெளியே விடுவாள். பதிவு நடப்பது வீட்டுப் படுக்கையறையில், துணி அலமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு. அப்போதுதான் எதிரொலி வராதாம். தொங்குகிற சட்டைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து அக்கா விண்வெளியைப் பற்றிப் பேசுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

என்ன பேச்சு அது! வாயைத் திறந்தால் அனல்தான். ஒரு தொடரைப் பற்றி இப்படிச் சொன்னாள்: "டிராகன் வருது, ஊரையே எரிக்குது, எல்லாம் சரி. அது என்ன சாப்பிடுது? அவ்வளவு பெரிய உடம்புக்கு யாரு சமைச்சுக் கொட்டுறா? எட்டு பகுதி ஓடுது, ஒரு ஆடு கூட குறையலை. எனக்கு அந்த டிராகனை நெனச்சாதான் பாவமா இருக்கு." இன்னொரு முறை: "ராக்கெட்ல போறவன் ஹெல்மெட்டுக்குள்ள தேம்பித் தேம்பி அழறான். கண்ணாடியில ஒரு பொட்டு ஆவி படியலை. எப்படி? நான் டீ குடிச்சாலே எனக்கு உலகம் தெரியமாட்டேங்குது!"

மற்றவர்கள் நட்சத்திரம் கொடுப்பார்கள். அக்கா டீயைச் சொல்லுவாள். காலையில் கையில் டீயோடு படிக்க உட்கார்ந்து, டீ சூடாகவே தீர்ந்துவிட்டால் புத்தகம் தேறாது. பாதியில் ஆறியிருந்தால் ஒருமுறை படிக்கலாம். வாய் வைக்காமலே ஏடு கட்டிப்போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். "அக்கா டீ ஆறிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நேயர்கள் புத்தகக் கடைப் பக்கமே போவார்கள்.

இவ்வளவு பேருக்கு நல்லது கெட்டது சொல்கிறவளுக்கு ஒரு வினோதமான பழக்கம் உண்டு. புத்தகத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் எல்லாம் போயிற்று.

"கதாநாயகன் மலை உச்சியிலேருந்து விழறான். நான் பதறணும்ல? கையில பார்த்தா இன்னும் பாதிப் புத்தகம் கனமா இருக்கு. அப்புறம் எங்கேருந்து பதற்றம் வரும்? எங்கயாவது ஒரு கிளையைப் பிடிச்சுட்டுத் தொங்குவான், பிழைச்சுக்குவான்னு தெரிஞ்சுபோயிடுதே."

அதனால் வீட்டு டிவியின் அடிப்பக்கத்தில் ஓர் அட்டைப்பட்டையை ஒட்டி வைத்திருக்கிறாள். ஓடிய நேரமும் மிச்ச நேரமும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். விருந்தாளிகள் டிவி உடைந்துவிட்டது என்று நினைத்து அனுதாபப்படுவார்கள். புத்தகத்துக்கு அட்டை ஒட்ட முடியாதே. அதற்குத்தான் கணவர்.

கணவருக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. வந்து குவிகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் ஊர்வாரியாக, தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் பார்சல்காரர். நல்ல மனிதர், கோபம் வராது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். ஆனால் புத்தகத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான புதிதில் அக்கா ஆசை ஆசையாக ஒரு நாவலைக் கொடுத்தாள். "பார்சல் மேல எழுதியிருக்கிற விலாசத்தைப் படிச்சே கண்ணு பூத்துப்போகுதும்மா" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். தொடர் பார்க்க உட்கார வைத்தால், பெயர் போட்டு முடிப்பதற்குள் குறட்டை. மகளோ பாட்டுப் போட்டி தவிர வேறு எதையும் பார்க்கமாட்டாள். அக்காவுக்கு இது ஒரு தீராத குறை. ஒரு நல்ல கதையை முடித்த கையோடு, "அந்த இடத்துல அவ என்ன பண்ணா பார்த்தீங்களா!" என்று கத்த வீட்டில் ஓர் ஆள் இல்லை. அந்த ஏக்கத்தில்தான் அலமாரிக்குள் தலையை விட்டு உலகத்திடம் கத்தத் தொடங்கினாள் என்றுகூடச் சொல்லலாம்.

படிக்காவிட்டால் என்ன, பார்சல்காரர் அவளுக்காக வெட்டிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் புத்தகமும் தடித்த கறுப்புப் பேனாவுமாக உட்காருவார். முதலில் பக்க எண்கள் எல்லாவற்றையும் கறுப்பால் அடைப்பார். அத்தியாய எண்களையும் விடமாட்டார். பிறகு பார்சல் ஆபீஸ் கத்தியால், அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்து முதுகோடு சேர்த்து வெட்டுவார். ஒவ்வொரு துண்டையும் சணல் கயிற்றால் கட்டி, வரிசை மாறாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, டப்பாவை ஃபிரிட்ஜ் தலையில் ஏற்றிவிடுவார். தினமும் காலையில் டீயோடு ஒரு கட்டு. டப்பாவுக்குள் எட்டிப் பார்க்க அக்காவுக்கு அனுமதி கிடையாது. ஒருநாள் அவர் கையை விரித்து, "முடிஞ்சுபோச்சு" என்பார். அப்போதுதான் கதை முடிந்தது என்றே அவளுக்குத் தெரியும். ஒரு புத்தகத்தை இப்படிக் கூறு போடலாமா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். அவர்கள் புத்தகம், அவர்கள் கத்தி.

அப்படித்தான் 'மழைக்கூடம்' என்கிற நாவல் வந்து சேர்ந்தது. எழுதியவர் ஒரு நீச்சல் பயிற்சியாளர், சின்ன வயது, முதல் புத்தகம். வெளியாவதற்கு முன்பே அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். தண்ணீரே இல்லாத ஒரு கிரகத்தில், கூரை போட்ட ஒரு நகரம். அங்கே மழையைக் குழாயைத் திறந்துதான் பெய்ய வைக்க வேண்டும். அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவள் ஒருத்தி. அவளுக்கு ஒரு தம்பி. அவன் கப்பலேறிப் போய்விடுகிறான். கப்பலில் காலம் மெதுவாக ஓடுவதால் அவன் இளைஞனாகவே இருக்க, இங்கே அக்காக்காரி கிழவியாகிறாள். கதை இவ்வளவுதான்.

டீ ஏடு கட்டியது. ஒரு நாள் இல்லை, தினமும். கடைசிக் கட்டைப் படித்து முடித்த அன்று அக்கா கடைக்கே அரைமணி தாமதம். அந்த வாரம் அலமாரிக்குள் அவள் பேசிய பேச்சைக் கேட்டவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள்.

"முதல் அத்தியாயத்துலயே அவ செத்துப்போறாங்க! தம்பி வந்து நகரத்துல இருக்கிற அத்தனை குழாயையும் திறந்துவிடறான். ஊரே நனைஞ்சுக்கிட்டு அவளைத் தூக்கிட்டுப் போகுது. யாருன்னே தெரியாத பொம்பளைக்கு நான் அழறேன். அப்புறம் கதை பின்னாடி போகுது. கிழவி குமரியாகிறா, குமரி குழந்தையாகிறா. கடைசிப் பக்கத்துல அக்காவும் தம்பியும் வாளியில மழையைத் திருடிட்டு ஓடுறாங்க. ரெண்டும் சிரிக்குதுங்க. நான் சிரிக்கிறேன், அழறேன், எனக்கே தெரியலை. ஒரு சின்னப் பையன், முதல் புத்தகத்துலயே காலத்தை இப்படிப் புரட்டிப் போடுறதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்! வாங்குங்க. கண்ணை மூடிட்டு வாங்குங்க."

நேயர்கள் வாங்கினார்கள். புத்தகக் கடையில் முன்பதிவு மளமளவென்று ஏறியது. கடைக்காரர் ஒரு கூட்டமே ஏற்பாடு செய்துவிட்டார்: சனிக்கிழமை சாயங்காலம், மேடையில் நீச்சல்காரரும் அக்காவும். அக்கா தலைகால் புரியாமல் புதுப் புடவை எடுத்தாள்.

வியாழக்கிழமை புத்தகம் வெளியானது. கடைக்கு ஒரு முழுப் பிரதியை அக்கா காலையிலேயே வாங்கி வந்திருந்தாள். வெட்டாத, கறுப்படிக்காத, பளபளவென்ற பிரதி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு மாஸ்டர் அன்று கண்ணாடி வாங்க வந்தார். அவர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, புத்தகத்தைக் கையில் கொடுத்து, அக்கா பெருமையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"முதல் பக்கத்தை எடுத்துச் சத்தமா படிங்க மாஸ்டர். நெஞ்சைப் பிசையும்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "'வாளியை இரண்டு பேரும் சேர்ந்துதான் திருடினார்கள்.'"

"அய்யோ, அது கடைசிப் பக்கம். புரட்டி முதல் பக்கத்துக்கு வாங்க."

"இதுதாம்மா முதல் பக்கம்."

"இல்ல மாஸ்டர், இது முடிவு. எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா, எனக்குக் கண்ணுதான் மங்கல், எண்ணு தெரியும்" என்று மாஸ்டர் பக்கத்தின் மூலையில் விரலை வைத்துக் காட்டினார். ஒன்று என்று தெளிவாக அச்சடித்திருந்தது.

அக்கா புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஊரே நனைந்துகொண்டு கிழவியைத் தூக்கிப் போனது. நடுவில் புரட்டினாள். எல்லாம் ஒழுங்காக, ரயில்பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. குழந்தை, குமரி, கிழவி, சாவு. காலத்தை யாரும் புரட்டிப் போடவில்லை. மாஸ்டர், "அப்போ எனக்கு எந்தப் பக்கம் தெரியணும்?" என்று அப்பாவியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனைத் திறந்தால் அங்கே வேறு கச்சேரி. 'அக்கா, என் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் யாரும் சாகவில்லையே.' 'காலம் புரளும் என்றீர்கள், நேராகத்தானே போகிறது?' கடைசியாக ஒருவர் எழுதியிருந்தார்: 'அக்கா புத்தகத்தைப் படிக்கவே இல்லை போலிருக்கிறது.'

அவளுக்கு அந்த ஒரு வரி போதும். வேறு என்ன சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். ரசனை இல்லை என்று சொல்லட்டும், வாய்க்கொழுப்பு என்று சொல்லட்டும். படிக்காமல் பேசுகிறாள் என்று சொல்லலாமா? படிக்காமல் பேசுகிற விமர்சகர்களை அலமாரிக்குள்ளிருந்து வாரத்துக்கு ஒருமுறை வறுத்தெடுத்தவள் அவள். எழுத்து தெரிகிறதா என்று ஊரையே கேட்கிறவள், தானே படிக்கத் தெரியாதவளாக நிற்கிறாள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் இனிமேல் டீ ஆறியது என்று சொன்னால் எவன் நம்புவான்? இதில் அந்த நீச்சல்காரப் பையனை வேறு நினைக்க வேண்டியிருந்தது. எழுதாத ஒரு புத்தகத்துக்காக அவனைப் புகழ்ந்துவிட்டாள், எழுதிய புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புத்தகத்தைக் கணவர் முன்னால் போட்டாள். பார்சல்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திருதிருவென்று விழித்தார். சொல்லாமலே குட்டு உடைந்துவிட்டது.

"டப்பா கீழ விழுந்துடுச்சு" என்றார்.

"எப்போ?"

"வெட்டின அன்னைக்கே. ஃபிரிட்ஜ் மேல வைக்கும்போது கை தவறிடுச்சு. கயிறெல்லாம் அவுந்து, கட்டெல்லாம் கலைஞ்சு... எண்ணெல்லாம் நான்தான் கறுப்படிச்சு வெச்சுட்டேனே. எது முன்ன, எது பின்னன்னு தெரியலை."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"திட்டுவ."

"இப்ப மட்டும் கொஞ்சப் போறேனா? ஊருல இருக்கிற பார்சலை எல்லாம் ஒழுங்கா பிரிக்கிற மனுஷனுக்கு, வீட்டுல ஒரே ஒரு கதையை ஒழுங்கா அடுக்கத் தெரியலையா?"

"பார்த்துத்தான் அடுக்கினேன்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பார்த்து அடுக்கினீங்களாம்! கண்ணைக் கட்டிட்டு அடுக்கியிருந்தாகூட இவ்வளவு தலைகீழா வந்திருக்காது!"

மகள் நடுவில் புகுந்தாள். "அம்மா, இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்? உனக்கு வந்த பிரதியில பைண்டிங் தப்புன்னு சொல்லிடலாம். அவங்க அச்சடிக்கும்போது மாத்தி வெச்சுட்டாங்கன்னு சொன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா ஒரு நிமிடம் அந்த யோசனையை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இனிப்பாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியாது. அவள் பேர் பிழைத்துவிடும். பிறகு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"யாரோ ராப்பகலா உழைச்சு அச்சடிச்ச புத்தகத்து மேல நான் பழியைப் போடவா? போடி அந்தப் பக்கம். நடந்ததைச் சொல்லுவேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, வெள்ளிக்கிழமை முழுக்கக் கடையில் அவள் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடி மாட்டியவர்கள் கையில் மேஜைக் காலடி அட்டையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். முதலாளி பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

சனிக்கிழமை புத்தகக் கடையில் நாற்காலி போதாமல் ஆட்கள் புத்தக அடுக்குகளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். பார்சல்காரர் அக்காவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். வழக்கமாக இறக்கிவிட்டுப் போய்விடுவார். இன்று ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில், சமையல் புத்தகங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அக்காவின் மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் சணல் கயிற்றில் கட்டிய கட்டுகள்.

மேடையில் நீச்சல்காரர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். ஒல்லியாக, தோள் மட்டும் அகலமாக, தலைமுடி இன்னும் ஈரமாக இருந்த பையன். "அக்கா, நீங்க பேசினதை நான் கேட்டேன். ஆனா எனக்கு ஒண்ணு புரியலை..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க தம்பி. அதை நானே சொல்லிடறேன்" என்று அக்கா மைக்கை வாங்கினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். பக்க எண் பார்க்காத பழக்கம், கறுப்புப் பேனா, கத்தி, பிஸ்கட் டப்பா. கட்டுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்துக் காட்டினாள். "எங்க வீட்டுல கலைஞ்சுபோச்சு. கலைஞ்சதுகூடத் தெரியாம நான் படிச்சிருக்கேன். விஞ்ஞானக் கதையில, செத்தவ அடுத்த பக்கத்துல எந்திரிச்சுப் பல் தேய்ச்சா நாங்க கேள்வி கேக்கமாட்டோம். பழகிப்போச்சு. படிக்கலைன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு எழுத்து விடாம படிச்சேன். வரிசைதான் தப்பு. அந்தத் தப்பு என்னோடது. தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்."

கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அக்காவுக்குக்கூட அது யாருடைய குரல் என்று முதலில் பிடிபடவில்லை. நாலு பேருக்கு நடுவில் அவர் வாய் திறந்து அவள் பார்த்ததே இல்லை.

"தப்பு அவளோடது இல்லீங்க. டப்பாவைக் கீழ போட்டது நான். அடுக்கினதும் நான்."

எல்லாத் தலைகளும் திரும்பின. பார்சல்காரர் ஹெல்மெட்டைக் குழந்தை மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீச்சல்காரர் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து முதல் வரியைப் படித்தார், வைத்தார், அடுத்ததை எடுத்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"சார்," என்றார் கடைசியில், "இது கலைஞ்ச மாதிரி இல்லையே. ஒண்ணொண்ணும் பார்த்து வெச்ச மாதிரி இருக்கு. சாவை எதுக்கு முன்னாடி கொண்டுவந்தீங்க?"

"அது... இவ அழுதா இவளுக்குத் தலைவலி வரும்ங்க" என்றார் பார்சல்காரர். "கடைசியில அழுதா அன்னைக்கு முழுக்க வலிக்கும். அழ வேண்டியதை முதல்லயே அழுது தீர்த்துட்டா, முடிக்கும்போது சிரிச்சுட்டு எந்திரிக்கலாம்ல? அந்தப் பசங்க வாளியைத் தூக்கிட்டு ஓடுற எடம் நல்லா இருந்துச்சு. அதான் அதைக் கடைசியில வெச்சேன்."

"அப்போ அந்தத் தம்பி கப்பல்ல அக்காவோட பழைய துண்டை மோந்து பார்க்கிறது? அது நடுவுல இருக்கே."

"அதை எங்க வைக்கிறதுன்னுதான் ரொம்ப யோசிச்சேன். மழை வாசனை போயிடக் கூடாதுன்னு அவன் அதைத் துவைக்கமாட்டான் பாருங்க..." பார்சல்காரர் ஹெல்மெட்டின் கண்ணாடியை விரலால் துடைத்தார். "அவ செத்ததைப் படிச்சுட்டு உடனே அதைப் படிச்சா தாங்காது. கொஞ்சம் ஆறினப்புறம் வரட்டும்னு தள்ளி வெச்சேன்."

"ஏங்க!"

மைக் அக்காவின் கையிலேயே இருந்தது. அந்த 'ஏங்க' கடைக் கண்ணாடி அதிர வெளியே தெரு வரைக்கும் போயிற்று.

"ஏங்க, நீங்க படிச்சீங்களா? முழுசா?"

"படிக்காம எப்படிம்மா அடுக்குறது?" என்றார் அவர், இதென்ன கேள்வி என்பதுபோல்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இருமியவர் இப்போது கண்ணில் நீர் வரச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை, வாயைப் பிளந்து நின்றாள். தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளுக்கே இது தெரியவில்லை. பார்சல் ஆபீஸ் இடைவேளையிலா, அவள் கடைக்குப் போன பிறகா, எப்போது படித்தார்? அவளுக்குப் பிடித்த கதையை, அவளுக்கு முன்பே, அவளுக்கு எது பிடிக்கும் எது வலிக்கும் என்று யோசித்து யோசித்துப் படித்திருக்கிறார். இந்த மனிதரையா கண்ணைக் கட்டிக்கொண்டு அடுக்கியவர் என்று திட்டினாள்!

சிரிப்பு அடங்கக் காத்திருந்த நீச்சல்காரர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எங்க அக்கா போனப்புறம் எழுதின கதை இது. நடந்த மாதிரியே வரிசையா எழுதினேன். கடைசிப் பக்கத்துல அவளைக் கொண்டுபோய் வெச்சுட்டு எந்திரிச்சேன். அதுக்கப்புறம் இந்தப் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை, திறக்க முடியலை." அவர் கடைசிக் கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வாளியைத் திருடுகிற கட்டு. "அச்சுல என் வரிசைதான் இருக்கும். அது என்னோடது. ஆனா இந்தக் கட்டுகளை எனக்குத் தருவீங்களா சார்? இப்படின்னா என்னால படிக்க முடியும்னு நெனைக்கிறேன். வாளியோட ஓடுற எடத்துல அவளை விட்டுட்டு எந்திரிக்கலாம்ல."

பார்சல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, மேஜைமேல் பிரிந்து கிடந்த கட்டுகளை ஒவ்வொன்றாக, அவர் வைத்த வரிசை மாறாமல் அடுக்கினார். பாக்கெட்டிலிருந்து புதுச் சணல் கயிறு எடுத்தார். பார்சல் ஆபீஸ் முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, இரண்டு கைகளாலும் கொடுத்தார். அக்கா அங்கேயே மேடையிலேயே அழுதாள். தலைவலி வந்தால் வரட்டும் என்று அழுதாள்.

அன்று புத்தகக் கடையில் ஒரு பிரதி மிச்சமில்லை. வாங்கிய பலரும் பார்சல்காரரிடம் கொண்டுபோய், எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர் வெட்கத்தோடு கோடு போட்டார். 'படிக்கவே இல்லை போலிருக்கிறது' என்று எழுதியவர் தானே வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டார். அக்கா அவரை முறைத்துவிட்டு, "கண்ணாடி மாத்துற நேரம் வந்துடுச்சு, திங்கக்கிழமை கடைக்கு வாங்க" என்றாள்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் அவள் வாய் ஓயவில்லை. அந்த இடத்தில் அவள் என்ன செய்தாள் பார்த்தீர்களா, இந்த இடத்தில் அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது, ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ஒன்றிரண்டில் சண்டைகூட வந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"இல்ல... கடையில எல்லாருக்கும் கொடுப்பியே, அந்தக் கப்பல் கதை. எல்லாரும் தூங்குறாங்க, யாரோ பாத்திரம் கழுவுறாங்க. நீ மககிட்ட சொல்லிட்டிருந்தப்போ காதுல விழுந்துச்சு. யாரு அது கழுவுறது?"

"சொல்லமாட்டேன்" என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்த குதூகலத்தை மறைக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மகள் எழுந்து வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் அம்மா அந்தக் கப்பல் கதைப் புத்தகமும் கறுப்புப் பேனாவும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் கறுப்பு. சணல் முடிச்சு அவளுக்குச் சரியாக வரவில்லை, ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு தினுசாக இருந்தது. பிஸ்கட் டப்பாவைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், ஃபிரிட்ஜ் தலைக்கு ஏற்றுகிற உத்தேசமே இல்லை. ஜன்னலோரத்தில் அப்பா முதல் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மகள் இரண்டுமுறை கூப்பிட்டும் நிமிரவில்லை.

அவர் பக்கத்தில் வைத்திருந்த டீ ஏடு கட்டியிருந்தது.